அட்மிஷன் அன்று கண்ணில் படாத இன்னொன்று

மனநல வார்டில் ஒருவரைச் சேர்க்கும்போது எல்லார் கண்ணிலும் படுவது அப்போதைய நெருக்கடிதான்: தற்கொலை முயற்சி, நிற்காத குடி, சாப்பாடும் தூக்கமும் போன மனச்சோர்வு. கேஸ் ஷீட்டிலும் அதைத்தான் எழுதுவார்கள். கூடவே ஆளுமைக் கோளாறும் இருக்கலாம் என்ற பேச்சு பல சமயம் எழுவதே இல்லை.

மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் ஒரு தொடக்கம் சொல்லலாம், 'தீபாவளிக்குப் பிறகுதான் இப்படி ஆனார்' என்பதுபோல. ஆளுமைக் கோளாறுக்கு அப்படிச் சொல்ல முடியாது. பதின்வயதிலோ இருபதுகளிலோ தலைகாட்டி உறவு, வேலை, கோபம், தன்னைப் பற்றிய எண்ணம் என எல்லாவற்றிலும் வருடக்கணக்கில் ஊடாடும். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது சகஜம். அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் மேரி ஸனாரினி குழுவினர் 1990களில் உள்நோயாளிகளை ஆராய்ந்தார்கள். 'பார்டர்லைன்' வகை ஆளுமைக் கோளாறு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மனச்சோர்வு போன்ற மனநிலைக் கோளாறும் இருந்தது. பலருக்குப் பதற்றநோயோ போதைப் பழக்கமோ இருந்தது.

அதற்காகச் சேர்த்த அன்றே முத்திரை குத்திவிடக் கூடாது. கடும் சோர்வில் இருப்பவரைக் கேட்டால், "நான் எப்பவுமே இப்படித்தான், எதுக்கும் லாயக்கில்லை" என்பார். அதைச் சொல்வது அவர் சுபாவமா, சோர்வா? சோர்வு தெளிந்தபின் அவரே வேறு மாதிரி சொல்லலாம். அதனால்தான் நல்ல மருத்துவர் அம்மாவையோ மனைவியையோ தனியே உட்காரவைத்து, "இது வர்றதுக்கு முன்னாடி இவர் எப்படி இருந்தார்? காலேஜ்ல சிநேகிதம் நிலைச்சுதா?" என்று கேட்பார். எரிச்சல்படாமல் பதில் சொல்லுங்கள். ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ சொல்லாததை அந்தப் பதில் சொல்லும்.

கண்டுபிடித்தால் சிகிச்சையும் மாறும். பார்டர்லைன் கோளாறுக்கென்றே மருந்து தர வேண்டாம் என்கிறது இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பு 2009இல் வெளியிட்ட வழிகாட்டி. கூட இருக்கும் மனச்சோர்வுக்குத் தரலாம். கோளாறுக்கு முதன்மைச் சிகிச்சை மாதக்கணக்கில் முறையாகத் தரும் பேச்சு சிகிச்சைதான். மாத்திரை மட்டும் கூடிக்கொண்டே போகும் சீட்டைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

'பிறவிக் குணம், மாறாது' என்பதும் உண்மையில்லை. மெக்லீனில் 290 பார்டர்லைன் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்ததில், 10 ஆண்டுகளுக்குள் 93 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் குறைந்தது 2 ஆண்டுகளாவது அடங்கியிருந்தன. அறிகுறி அடங்கியதோடு வேலை, உறவு இரண்டிலும் காலூன்றியவர்கள் பாதிப் பேர். குடியும் போதையும் இல்லாதவர்கள் சீக்கிரம் தேறினார்கள்.