தலைவலி: நரம்பியல் மருத்துவரிடம் எப்போது போக வேண்டும்?

வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் சிலர், வீட்டுக்குப் போகும் வழியில் மெடிக்கல் கடையில் நிற்பார்கள். "அண்ணே, தலைவலிக்கு ரெண்டு மாத்திரை கொடுங்க." இந்த மாதம் இது எத்தனையாவது தடவை என்று கொடுப்பவரும் கேட்பதில்லை, வாங்குபவரும் யோசிப்பதில்லை.

கெட்டுப்போன தூக்கம், டீயோடு முடிந்த காலைச் சாப்பாடு, திண்டுக்கல் வெயிலில் குடிக்க மறந்த தண்ணீர் என எதுவும் தலைவலியைக் கிளப்பும். பெரும்பாலான தலைவலி ஆபத்தில்லாததுதான். ஆனால் அடிக்கடி வரும் வலியை மாத்திரை போட்டே ஓட்டுவது தவறு.

எத்தனை நாள் வலிக்கிறது?

மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி வந்து, மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே நீடித்தால் அது நாள்பட்ட தலைவலி. ஒற்றைத் தலைவலியும் கவனிக்காமல் விட்டால் இந்த நிலைக்கு வரலாம். அடிக்கடி வருவதைத் தடுக்கத் தினசரி மருந்துகள் இருக்கின்றன. அவற்றை மருத்துவர்தான் தர வேண்டும்.

மாத்திரையாலேயே வரும் வலி

பாராசிட்டமால் போன்ற மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, காஃபீன் முதலியவை கலந்த கூட்டு மாத்திரைகளை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டு வந்தால் அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும். போட்டால் குறையும், மறுநாள் திரும்ப வரும். வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையும் வயிற்றையும்கூடப் பாதிக்கலாம்.

ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாதவை

• இதுவரை இல்லாத கடும் வலி, திடீரென்று ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போவது
• கை கால் தளர்வு, வாய் கோணுதல், பேச்சுக் குழறல், வலிப்பு, மயக்கம்
• காய்ச்சலோடு கழுத்து விறைப்பு
• பார்வை மங்குதல் அல்லது இரட்டையாகத் தெரிதல்
• கர்ப்பிணிக்கோ பிரசவமான பெண்ணுக்கோ புதிதாக வரும் கடும் வலி
• பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பின் வரும் வலி. வயதானவர்களுக்குச் சில வாரம் கழித்தும் வரலாம்

இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள்.

50 வயதுக்கு மேல் முதன்முறையாக வரும் தலைவலி, காலையில் வாந்தியோடு எழுப்பும் வலி, இருமினால் கூடும் வலி, நாளுக்கு நாள் ஏறும் வலி ஆகியவற்றுக்கும் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

முதலில் யாரிடம்?

அவசரம் இல்லையென்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்கலாம். ரத்த அழுத்தத்தையும் கண் பார்வையையும் அங்கே சொல்லிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அடுத்து, 2022-இல் திறக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டுமென்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் அதற்கெனத் தனித் துறை உண்டு. எல்லோருக்கும் ஸ்கேன் தேவைப்படாது. அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

போகும்போது கணக்கு கொண்டுபோங்கள்

பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே வலி வந்த நாளுக்கு ஒரு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு கோடு போடுங்கள். பெண்கள் மாதவிலக்கு நாளையும் குறிக்கலாம். மருத்துவருக்குப் பாதி விவரம் அதிலேயே கிடைத்துவிடும்.

இன்றே அந்தக் கணக்கைத் தொடங்குங்கள். அடுத்த முறை மெடிக்கல் கடைக்குப் போகுமுன் அதை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். மாத்திரைக் கோடுகள் பத்தைத் தொட்டிருந்தால், நீங்கள் போக வேண்டிய இடம் மருத்துவமனை.