வேனுக்குள் ஒரு படுக்கை

தைப்பூசக் காலத்தில் பத்துமலைப் பக்கம் போனவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். சாலையோரம் வரிசையாக வேன்கள் நிற்கும். பின்கதவு திறந்திருக்கும். உள்ளே பாட்டி காலை நீட்டிப் படுத்திருப்பார்; பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவராகத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஒரு காலத்தில் தோட்டத்து லாரியில் பலகை போட்டு உட்கார்ந்து கோயிலுக்குப் போனவர்கள் நாம். இன்று பல வீடுகளில் பழைய வேன் ஒன்று நிற்கிறது. வார நாளில் காய்கறியும் துணி மூட்டையும் ஏற்றும் அந்த வேனை, குடும்பம் ஓரிரவு படுத்துறங்கும் அறையாக மாற்றுவது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

சுத்தியல் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு நம்மிடையே பஞ்சமில்லை. கட்டில் அடிப்பது பெரிய காரியமல்ல. ஆனால் வேன் என்பது சக்கரம் வைத்த இரும்புப் பெட்டி. அதற்குள் நான்கு பேர் விடியும்வரை மூச்சு விட வேண்டும். ஆகவே பலகை வாங்கப் போகுமுன் காற்றுக்கு வழி பாருங்கள்.

தூங்கும் ஒருவர் ஓர் இரவில் சுமார் ஒரு டம்ளர் தண்ணீரை மூச்சிலும் வியர்வையிலும் ஆவியாக வெளியே விடுகிறார். கேமரன் மலையில் இரவுக் குளிர் 15, 16 பாகைக்கு இறங்கும். அங்கே அந்த ஆவி குளிர்ந்த தகரத்தில் பட்டு, காலையில் கூரையிலிருந்து சொட்டும். சமவெளியில் சொட்டாது, புழுக்கமாகக் கொல்லும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். எதிரெதிராக இரண்டு திறப்புகள் வேண்டும். ஒன்று தாழ்வாகவும் மற்றொன்று உயரமாகவும் இருந்தால் வெப்பக் காற்று தானே மேலே வெளியேறும். திறக்கும் சன்னலுக்குக் கொசுவலை தைத்து, ஓரத்தில் சிறு காந்தங்களை வைத்து மூடிவிட்டால் வண்டியின் இரும்பில் தானே ஒட்டிக்கொள்ளும். இது வீட்டுத் தாய்மார்கள் ஒரு மாலையில் முடிக்கக்கூடிய தையல்.

இனி நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். புழுக்கம் தாங்காமல், இயந்திரத்தை ஓடவிட்டு, சன்னலை மூடி, குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார்கள். அப்படித் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தியை நம் நாட்டுப் பத்திரிகைகளில் ஒருமுறைக்கு மேல் படித்திருக்கிறோம். புகைக்குழாயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தம் உயிர்க்காற்றைவிட இந்த வாயுவை இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், அசதி. பயணக் களைப்பு என்று நினைத்து மனிதர் படுத்துவிடுகிறார். அதுதான் ஆபத்து. புகைக்குழாயில் சிறு ஓட்டை, தரைத்தகட்டில் துருப்பிடித்த ஒரு துளை, இவை இரண்டும் சேர்ந்தால் போதும். மலையில் குளிருக்காகக் கரியடுப்பை உள்ளே கொண்டுவருவதும் இதே வகைதான். பின்கதவைத் திறந்து வைத்தபடி வண்டி ஓட்டினாலும் புகை உள்ளே இழுக்கப்படும். இந்த வாயுவைக் கண்டு கூவும் சிறிய கருவி கடைகளில் கிடைக்கிறது. மெத்தைக்குச் செலவு செய்யுமுன் அதற்குச் செலவு செய்யுங்கள். கருவி இருக்கிறதே என்று இயந்திரத்தை ஓடவிட்டுத் தூங்கவும் கூடாது.

இப்போது தச்சு வேலைக்கு வருவோம். பழைய விரிப்பை உரித்தெடுத்துத் தரைத்தகட்டைப் பாருங்கள். துருவைச் சுரண்டி, ஓட்டையை அடைத்துப் பற்றவைத்து, சாயம் பூசிய பிறகே பலகை. தண்ணீர் வடிய வைத்துள்ள துளைகளை மட்டும் மூடாதீர்கள். தரையில் துளையிட நேர்ந்தால் முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும். எண்ணெய்த் தொட்டியும், பிரேக் குழாயும், மின்கம்பியும் அங்கேதான் ஓடுகின்றன.

எட்டடிக்கு நாலடி ஒட்டுப்பலகை 12 மில்லிமீட்டர் கனத்தில் சுமார் 20 கிலோ இருக்கும். 18 மில்லிமீட்டர் என்றால் 30 கிலோவைத் தாண்டும். தடித்த பலகைதான் உறுதி என்று நம் ஆட்கள் நினைப்பதுண்டு. நான்கு பேர், துணிமணி, 20 லிட்டர் தண்ணீர் என்றாலே வண்டிக்குப் பாரம்தான். மெல்லிய பலகைக்கு அடியில் நெருக்கமாகக் குறுக்குச் சட்டம் கொடுத்தால் அதுவும் தாங்கும். தண்ணீர்ப் பீப்பாய் போன்ற கனமான சாமானைத் தாழ்வாகவும், அச்சுக்கு முன்பக்கமாகவும், இரு பக்கமும் சமமாகவும் வையுங்கள். உயரத்தில் பாரம் ஏறினால் மலைப்பாதை வளைவில் வண்டி ஆடும்.

வேனின் பக்கச் சுவர் நேராக இராது. மளிகைக் கடை அட்டைப்பெட்டியைக் கிழித்து, சுவரோடு வைத்து, படியும்வரை கத்தரித்து, அந்த அட்டையைப் பலகைமேல் வைத்து வரைந்து அறுங்கள். பலகை வீணாகாது. கட்டிலைப் பெட்டி பெட்டியாகச் செய்து, திருகாணி கழற்றினால் வெளியே எடுக்கும்படி அமைத்தால், திங்கட்கிழமை வண்டி மறுபடி பிழைப்புக்குப் போகும். மேற்பரப்பை ஒரே பலகையாக மூடாமல் இடைவெளி விட்டுச் சட்டங்களாக அடித்தால் மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிக்காது. நிசான் வேனட் போன்ற பழைய வண்டிகளில் இயந்திரம் முன் இருக்கைக்கு அடியில் இருப்பதால், வண்டி நின்ற பிறகும் அந்தச் சூடு நெடுநேரம் இருக்கும். பின்பக்கம் தலை வைத்துப் படுப்பது சுகம்.

கட்டில் வண்டி நிற்கும்போது மட்டுமே. ஓடும்போது பிள்ளைகள் இருக்கையில் வாரோடு இருக்க வேண்டும். பின்னிருக்கையிலும் வார் அணிவது 2009 ஜனவரி முதல் நம் நாட்டில் கட்டாயம்.

சமையலை வண்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில், அதாவது நாம் படுக்கும் மட்டத்தில், தேங்கி நிற்கும். தோம்பை உள்ளே வைத்துக்கொண்டு தூங்குவது வேண்டாம்.

விசிறிக்குத் தனி பேட்டரி நல்லது. இல்லாவிட்டால் காலையில் வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டும். 12 வோல்ட், 60 ஆம்பியர் மணி கொண்ட ஈய பேட்டரியில் பாதியைத்தான் செலவழிக்கலாம். அது 360 வாட் மணி. 15 வாட் விசிறி எட்டு மணி நேரத்துக்கு 120 கேட்கும். ஒரு விளக்குக்கும் கைப்பேசிக்கும் மீதி தாராளம். பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகிலேயே பியூஸ் வையுங்கள். கம்பி உரசினால் தீப்பிடிக்காமல் அதுதான் காக்கும்.

இருக்கையைக் கழற்றுவது, கூரையை வெட்டுவது, உள்ளமைப்பை நிரந்தரமாக மாற்றுவது எல்லாம் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதிக்கு உட்பட்டவை. வேலை தொடங்குமுன் அங்கேயும் காப்புறுதி நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள். பட்டறைக்காரர் “ஒன்றும் ஆகாது” என்பார். விபத்து நேர்ந்த பிறகு அவரைத் தேட முடியாது.

வேலை முடிந்ததும் நேரே பத்துமலைக்குக் கிளம்ப வேண்டாம். ஒரு சனிக்கிழமை இரவு வீட்டு வாசலிலேயே வேனை நிறுத்தி, எல்லோரும் அதில் படுத்துப் பாருங்கள். யாருக்குக் கால் இடிக்கிறது, எந்த மூலையில் கொசு நுழைகிறது, நடுஇரவில் பாட்டி இறங்க வழி இருக்கிறதா, கதவு உள்ளிருந்து திறக்கிறதா என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும். சில சரக்கு வேன்களின் பின்கதவு உள்ளிருந்து திறக்காது. அதை முதலில் சரிசெய்யுங்கள்.