காத்திருந்து வேட்டையாடும் ஆமைகள்

நுழையும்முன்

விரைந்து ஓடும் விலங்குகளே வேட்டையில் வல்லவை என்னும் எண்ணம் பொதுவானது. துரத்திப் பிடிக்க இயலாத உடலைப் பெற்ற ஆமையும் வேட்டையாடுகிறது. அதற்குரிய கருவிகள் அதன் நாவிலும் கழுத்திலும் தொண்டையிலும் அமைந்துள்ளன. அமெரிக்க ஆறுகளின் கடி ஆமைகள் முதல் கள்ளக்குறிச்சி ஏரிகளின் பாலாமை வரை சிலவற்றின் வேட்டை முறையை இப்பாடம் விளக்குகிறது.

நாவில் ஒரு தூண்டில்

கல்வராயன் மலையில் பெய்யும் மழை, கோமுகி, மணிமுத்தா முதலிய ஆறுகளாக இறங்கிக் கள்ளக்குறிச்சிச் சமவெளிக்கு நீர் தருகிறது. ஏரிகள் நிரம்பியதும் மடையோரங்களிலும் கலிங்குகளின் அருகிலும் சிறுவர்கள் தூண்டிலோடு அமர்ந்துவிடுவர். முள் மறையுமாறு மண்புழுவைக் கோத்து நீரில் இறக்கினால், மீனின் கண்ணுக்குப் புழுவின் நெளிவு மட்டுமே தெரியும். இரையை நாடிச் செல்லாமல், இரையைத் தன்னிடம் வரவழைக்கும் உத்தி இது. மனிதன் தூண்டிலைக் கண்டறிவதற்கு நெடுங்காலம் முன்பே இவ்வுத்தியைத் தன் நாவில் பெற்ற ஆமை ஒன்று உண்டு.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கிழக்குப் பகுதியில், மெக்சிகோ வளைகுடாவில் கலக்கும் ஆறுகளில் அது வாழ்கிறது. மேலோட்டில் மூன்று வரிசையாக எழுந்த முகடுகள் முதலையின் முதுகை நினைவூட்டுவதால், ஆங்கிலத்தில் அதன் பெயரோடு முதலையின் பெயரும் சேர்ந்துள்ளது. தமிழில் அதனை முதலைக் கடி ஆமை எனலாம். ‘கடி ஆமை’ என்பதைப் பிரித்தே எழுதுதல் நலம். உடம்படுமெய் சேர்த்துக் ‘கடியாமை’ என்று எழுதினால், கடிக்காத தன்மை என்னும் எதிர்மறைப் பொருளும் வந்து சேரும். இவ்வாமைக்கு அதைவிடப் பொருந்தாத பெயர் வேறில்லை.

வளர்ந்த ஆண் ஆமை 70 கிலோவுக்கு மேலும் எடை பெறும். அத்துணைப் பெரிய உடலோடு மீனைத் துரத்துவது வீண்முயற்சி. ஆகவே அது ஆற்றின் அடியில், மூழ்கிய மரக்கட்டைகளுக்கும் வண்டலுக்கும் இடையே அசையாது கிடக்கிறது. மேலோட்டில் பாசி படர்ந்திருக்கும். கண்ணைச் சுற்றிலும் தசையிழைகள் கதிர்போல விரிந்திருப்பதால், அங்கு ஒரு கண் இருப்பதே தெரியாது. இந்நிலையில் அது வாயை அகலத் திறந்து வைக்கிறது. வாயின் உட்புறம் சேற்றின் நிறத்தோடு ஒத்துப்போகிறது. அவ்விருளின் நடுவே, நாவின்மேல் இளஞ்சிவப்பான சிறு தசை மட்டும் புழுவைப் போல நெளிகிறது. அத்தசை நடுவில் நாவோடு ஒட்டியும் இருமுனைகளிலும் தனித்தும் இருப்பதால், அடித்தசை அசைய அசைய இரு முனைகளும் துடிக்கின்றன. உயிருள்ள புழுவென நம்பி மீன் வாய்க்குள் நுழைந்ததும் தாடைகள் மூடிக்கொள்கின்றன.

இம்முறைக்கு ஒளி தேவை. இரை கண்ணால் கண்டால்தான் ஏமாறும். எனவே பகலில் நாவைக் காட்டிக் காத்திருக்கும் இவ்வாமை, இரவில் ஆற்றடியில் மெல்ல நடந்து நத்தை, நண்டு, இறந்த மீன் முதலியவற்றைத் தேடி உண்கிறது. நாத்தூண்டிலை மிகுதியாகப் பயன்படுத்துவன இளம் ஆமைகளே. முதிர்ந்தவை பிற ஆமைகளையும், நீரில் விழுந்த ஓக் மரக் கொட்டைகளையும்கூட விடுவதில்லை. தீங்கற்ற ஒன்றைப் போலத் தோன்றி இரையை ஏமாற்றும் இப்பண்பினை அறிவியலார் ‘தாக்குதல் போலி’ என்பர்.

கழுத்தும் தொண்டையும்

வட அமெரிக்காவில் பரவலாக வாழும் பொதுக் கடி ஆமை இதன் உறவினம். அதன் நாவில் தூண்டில் இல்லை. நீண்ட கழுத்து அக்குறையை ஈடுசெய்கிறது. சேற்றில் புதைந்து கண்ணையும் மூக்கையும் மட்டும் வெளியே நீட்டியிருக்கும் அது, இரை எட்டும் தொலைவுக்கு வந்ததும் தலையை அம்புபோலப் பாய்ச்சுகிறது. ஆமைகளின் கழுத்தில் எட்டு முள்ளெலும்புகள் உள்ளன. மடிந்த கழுத்து திடீரென நீளும்போது, உடல் நகராமலே தலை மட்டும் தொலைவைக் கடந்துவிடுகிறது.

தலையைப் பாய்ச்சினால் மட்டும் மீன் அகப்படுமா? குளத்தில் மிதக்கும் இலையைக் கையால் விரைந்து பற்ற முயன்றால், கைக்கு முன்னே தள்ளப்படும் நீர் இலையையும் தள்ளிக்கொண்டு போகும். ஆமையின் தலைக்கு முன்னும் அதுவே நிகழும். இதனைத் தவிர்க்க, வாய் திறக்கும் கணத்திலேயே நாவடி எலும்பு கீழிறங்கித் தொண்டையை விரிக்கிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. எதிரே உள்ள நீர் விலகாமல் வாய்க்குள் பாய்கிறது. அதனோடு இரையும் வருகிறது. தென் அமெரிக்காவின் மாட்டா மாட்டா ஆமை இதில் தேர்ந்தது. அது கடிப்பதே அரிது; மீனை நீரோடு உறிஞ்சி, நீரை மட்டும் மெல்ல வெளியேற்றி, மீனை முழுதாக விழுங்கும். ஆமைகளுக்குப் பற்கள் இல்லை என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். கடி ஆமை கடிப்பது பறவையின் அலகினை ஒத்த கூர்விளிம்பாலேயே.

ஆமை என்றதும் தமிழ் மாணவர் நினைவுக்கு வருவது திருக்குறளின் அடக்கமுடைமை அதிகாரம். உறுப்புகளை ஓட்டுக்குள் ஒடுக்கும் ஆமை அங்கு ஐம்பொறி அடக்கத்துக்கு உவமையாயிற்று. தலையை உள்ளிழுப்பது தற்காப்புக்கே என்றுதான் அறிவியலாரும் நெடுங்காலம் கருதினர். சுவிட்சர்லாந்தில் கிடைத்த, ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பிளாட்டிகெலிஸ் என்னும் ஆமையின் புதைபடிவத்தை ஆராய்ந்து 2017இல் வெளியான கட்டுரை வேறொரு கருத்தை முன்வைத்தது. அவ்வாமையால் கழுத்தை ஓரளவே பின்னிழுக்க இயன்றது. தலையைக் காத்துக்கொள்ள அது போதாது. ஆகவே கழுத்தை மடிக்கும் ஆற்றல் முதலில் இரையின்மேல் தலையைப் பாய்ச்சுவதற்காகத் தோன்றி, பின்னரே தற்காப்புக்கும் பயன்பட்டிருக்கலாம் என்பது அக்கருத்து. இது முடிந்த முடிபன்று. எனினும் ஒடுங்குதலும் பாய்தலும் ஒரே கழுத்தின் இரு செயல்கள் என்பது ஐயமற்றது.

கடி ஆமையின் சினத்துக்கும் உடலமைப்பே காரணம். அதன் வயிற்றுப்புற ஓடு மிகச் சிறியது. தலையையும் கால்களையும் முழுதாக ஒடுக்கிக்கொள்ள இடமில்லை. நீரில் இருக்கும்போது மனிதரைக் கண்டால் விலகிச் செல்லும் அது, தரையில் தப்ப வழியின்றிக் கடிக்கிறது.

இந்திய ஆமைகள்

இந்தியாவில் கடி ஆமைகள் இயற்கையாக வாழ்வதில்லை. பதுங்கிப் பாயும் வேட்டைக்கு இங்குச் சிறந்த எடுத்துக்காட்டு கங்கை, கோதாவரி, கிருஷ்ணை முதலிய ஆறுகளில் வாழும் சித்ரா ஆமை. மென்மையான ஓடும் ஒரு மீட்டரைக் கடந்த நீளமும் கொண்ட அது, ஆற்று மணலில் முழுதாகப் புதைந்து கிடக்கும். அதன் தலை குறுகியது. கண்கள் மூக்கு நுனியை ஒட்டி முன்னே அமைந்தவை. ஆகவே மூக்கு நுனியளவு மட்டும் வெளியே தெரிந்தாலே அதற்குப் பார்வை கிட்டிவிடுகிறது. மீன் நெருங்கியதும் மணலைப் பிளந்து நீண்ட கழுத்து வெளிப்படும். ஆற்று மணலை அள்ளிச் செல்வது அதன் பதுங்கிடத்தை அள்ளிச் செல்வதாகும்.

தமிழக ஏரி, குளங்களில் பரவலாகக் காணப்படுவது பாலாமை. இதன் மேலோட்டில் கட்டங்கள் இல்லை. வழுவழுப்பான தோல் போர்த்தியிருக்கும். பின்கால்களை உள்ளிழுத்ததும் வயிற்றுப்புறத்தில் உள்ள இரு மடல்கள் கதவுபோல அவற்றை மூடும். இதற்கு நாத்தூண்டில் கிடையாது. சித்ராவைப் போல மீனையே நம்பியிருப்பதுமில்லை. சேற்றில் உடலைப் புதைத்து மூக்கை நீட்டிக் காத்திருக்கும். நத்தை, தவளை, தலைப்பிரட்டை, சிறுமீன், பூச்சி, நீர்த்தாவரம், செத்து மிதக்கும் உயிர்கள் என எதுவும் இதற்கு உணவாகும். நீரைத் தூய்மையாக வைத்திருக்கும் என்று கிணறுகளில் ஆமையை விடும் வழக்கம் நாட்டுப்புறங்களில் இருந்தது இதனாலேயே.

அதே நாட்டுப்புறத்தில்தான் ‘ஆமை புகுந்த வீடு உருப்படாது’ என்னும் பழமொழியும் வழங்குகிறது. இங்கு ‘ஆமை’ என்பது விலங்கன்று. கல்லாமை, முயலாமை, பொறாமை போன்ற சொற்களின் ஈறே என்று சிலர் விளக்குவர். இது பிற்காலத்தார் கற்பித்த நயம் போலத்தான் தோன்றுகிறது. ஆயினும் வீட்டு வாசலுக்கு வழிதவறி வந்த ஆமையைக் கல்லடியிலிருந்து காக்குமானால், அந்நயத்தை மறுக்க வேண்டியதில்லை.

காத்திருத்தலின் விலை

அசையாமல் கிடப்பதால் ஆமைக்கு இரை கிடைக்கிறது. அதே காரணத்தால் மனிதனிடம் அது எளிதில் அகப்படவும் செய்கிறது. இருபதாம் நூற்றாண்டில் முதலைக் கடி ஆமைகள் இறைச்சிக்காகவும் சூப்புக்காகவும் பெருமளவில் பிடிக்கப்பட்டன. அவற்றைப் பிடிக்கப் பயன்பட்டது, நீண்ட கயிற்றில் இரை கோத்த பல முட்களைத் தொங்கவிடும் தூண்டில். பொய்ப்புழுவைக் காட்டி மீனை ஏமாற்றிய ஆமை, மெய்யான இரையைக் கண்டு தானே ஏமாந்தது. மீனுக்கென இட்டுக் கைவிடப்பட்ட கயிறுகளில் சிக்கி மூச்சுமுட்டி இறப்பனவும் உண்டு. இனப்பெருக்கம் செய்யும் பருவத்தை எட்ட அவற்றுக்குப் பதினோர் ஆண்டுகளுக்குமேல் ஆகிறது. ஆகவே இழந்த எண்ணிக்கை விரைவில் மீள்வதில்லை.

பாலாமைக்குக் கோடையே ஆபத்தான காலம். ஏரி வற்றத் தொடங்கியதும் அது ஈரமண்ணுக்குள் புதைந்து, உண்ணாமல் உறக்கநிலையில் கிடக்கிறது. அதனை விற்பதற்காகப் பிடிப்போர் இரும்புக் கம்பியால் ஏரித்தரையைக் குத்திக் குத்திப் பார்ப்பர்; ஓட்டில் கம்பி படும் ஓசையே அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பாலாமையை முதல் அட்டவணையில் வைத்துள்ளது. அதனைப் பிடிப்பதும் விற்பதும் மூன்று முதல் ஏழு ஆண்டுகள்வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றங்கள்.

வளர்ப்புக்கென வாங்கப்படும் அயல்நாட்டு ஆமைகளால் வரும் தொல்லை வேறு. கடி ஆமைகளின் தாயகத்தைச் சேர்ந்த சிவப்புக்காது ஆமை, நாணய அளவுக் குட்டியாக விற்கப்படுகிறது. பெரிதானதும் தொட்டியில் இடம் போதாமல் அருகிலுள்ள ஏரியில் விடப்படுகிறது. உணவுக்கும் வெயில் காயும் இடத்துக்கும் அது உள்நாட்டு ஆமைகளோடு போட்டியிடுவதால், உலகின் மிகக் கேடான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. இரக்கத்தால் செய்யப்படும் செயல் என்பதால், இதனைத் தவறென்று உணர்வோர் குறைவு.

வடகிழக்குப் பருவமழை இறங்கி ஏரித்தரை நெகிழ்ந்ததும், கம்பிக்குத் தப்பிய பாலாமைகள் மண்ணை விலக்கி மேலே வருகின்றன. நத்தையும் தலைப்பிரட்டையும் பெருகுவது அப்பருவத்தில்தான்.