திருமணத்துக்குத் தடை விதித்த பணி ஆணை: முதல் பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரியின் நெடும் பயணம்

புது தில்லி: அரசு வேலைவாய்ப்பில் ஆண், பெண் என்ற பாகுபாடு கூடாது என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 16-வது பிரிவு கூறுகிறது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26-ல். அடுத்த ஆண்டு இந்திய ஆட்சிப் பணியில் (ஐ.ஏ.எஸ்.) சேர்ந்த முதல் பெண்ணின் நியமன ஆணையிலோ, திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுக்கு வரும் என்ற நிபந்தனை இடம்பெற்றிருந்தது.

அந்த ஆணையைப் பெற்றவர் அன்னா ராஜம் ஜார்ஜ். பின்னாளில் அன்னா ராஜம் மல்ஹோத்ரா. குடும்பம், பணி இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்று அரசே எழுத்துபூர்வமாகக் கூறிய காலத்தில் இரண்டையும் நடத்திக் காட்டிய அவர், 2018 செப்டம்பர் 17-ல் தமது 91-வது வயதில் மும்பையில் காலமானார்.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த நிரணம் என்ற ஊரில் 1927-ல் பிறந்த அன்னா ராஜம், அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த கோழிக்கோட்டில் வளர்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்றார். 1950-ல் குடிமைப் பணித் தேர்வில் வென்று நேர்முகத் தேர்வுக்குச் சென்றபோது, தேர்வாணையத் தலைவரும் ஐ.சி.எஸ். அதிகாரிகளும் அடங்கிய குழு அவருக்கு ஓர் யோசனை கூறியது. வெளியுறவுப் பணியோ மத்தியப் பணிகளோ பெண்களுக்குப் பொருத்தமானவை என்பதே அந்த யோசனை. அவர் அதை ஏற்கவில்லை. ஆட்சிப் பணியையே கேட்டார். பணியாற்ற சென்னை மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தார்.

ராஜாஜியின் தயக்கம்

அப்போது முதல்வர் ராஜாஜி. பொது நிர்வாகத்தில், அதிலும் மாவட்டப் பொறுப்பில், பெண்ணை நியமிக்க அவருக்குத் தயக்கம் இருந்தது. தலைமைச் செயலகத்தில் பணியாற்றலாமே என்று கூறப்பட்டது. ஆண் அதிகாரிகளுக்கு அளிக்கப்படும் அதே வாய்ப்பு தமக்கும் வேண்டும் என்று அன்னா ராஜம் வாதாடினார். குதிரை ஏற்றம், துப்பாக்கி சுடுதல் உள்ளிட்ட பயிற்சிகளையும் முடித்திருந்த அவர், இறுதியில் சார் ஆட்சியராக நியமிக்கப்பட்டார். பின்னாளில் திருச்சியில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் அதே ராஜாஜி, முன்னேறும் பெண்களுக்கு எடுத்துக்காட்டாக அவரைக் குறிப்பிட்டார்.

அக்காலத்தில் சேலம் மாவட்டத்தில் இருந்த ஒசூரின் முதல் பெண் சார் ஆட்சியர் அவர்தான். குதிரையில் ஒரு கிராமத்துக்குச் சென்றபோது, பெண்கள் சூழ்ந்து நின்று அவரை வியப்புடன் பார்த்தனர். அவர்களில் ஒரு மூதாட்டி, இந்த அதிகாரி நம்மைப் போலத்தானே இருக்கிறார் என்று கூறிவிட்டார். ஏதோ அதிசயப் பிறவியை எதிர்பார்த்து வந்த அவர்கள் ஏமாந்துபோனதைக் கண்டு முதலில் தமக்கு மனம் சோர்ந்ததாகப் பின்னாளில் அளித்த பேட்டியில் அன்னா ராஜம் தெரிவித்தார். ஊர்களுக்குள் யானைகள் புகுந்தபோது அவற்றைச் சுடாமல் காட்டுக்குத் திருப்பி அனுப்பியதையும் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

விதியின் வாசகம்

1954-ம் ஆண்டின் ஐ.ஏ.எஸ். பணி நியமன விதிகளிலும் இந்தத் தடை வேறு வடிவில் தொடர்ந்தது. மணமான பெண் எவரும் இப்பணியில் நியமனம் பெறுவதை உரிமையாகக் கோர முடியாது. பணியில் உள்ள பெண் மணம் செய்துகொண்டால், நிர்வாகத் திறனைக் காரணம் காட்டி அவரைப் பதவி விலகுமாறு மத்திய அரசு கேட்கலாம். பெண் என்பதற்காக மறுக்கவில்லை, மணமானவர் என்பதற்காகவே மறுக்கிறோம் என்பது இத்தகைய விதிகளுக்குக் கூறப்பட்ட சமாதானம். மணமான ஆணுக்கு அத்தகைய விதி எதுவும் இல்லை.

தம்முடன் அதே ஆண்டில் ஆட்சிப் பணியில் சேர்ந்த ஆர்.என். மல்ஹோத்ராவை அன்னா ராஜம் மணந்தார். திருமணத்துக்குப் பிறகும் பணியில் நீடித்தார். பிரதமர் இந்திரா காந்தி எட்டு மாநிலங்களில் மேற்கொண்ட சுற்றுப்பயணத்தில், கணுக்கால் எலும்பு முறிந்திருந்த நிலையிலும் உடன் சென்றார். 1982-ல் தில்லியில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான பணிகளில் ராஜீவ் காந்தியுடன் இணைந்து பணியாற்றினார்.

1985 முதல் 1990 வரை மல்ஹோத்ரா ரிசர்வ் வங்கியின் ஆளுநராக இருந்தார். மும்பையில் கணவர் நாட்டின் நிதிக்கொள்கையைக் கவனித்த காலத்தில், அந்நகரின் எதிர்க்கரையில் நவசேவா துறைமுகத்தை உருவாக்கும் பொறுப்பில் மனைவி இருந்தார். ஜவாஹர்லால் நேருவின் பெயர் சூட்டப்பட்ட அந்தத் துறைமுகம் 1989-ல் செயல்படத் தொடங்கியது. அதே ஆண்டு அன்னா ராஜத்துக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. குடும்பப் பொறுப்பு நிர்வாகத் திறனைக் குறைக்கும் என்று அஞ்சிய விதிக்கு அந்தத் துறைமுகமே பதில்.

மற்றொரு தென்னகப் பெண்

ஆனால், அதே தலைமுறையைச் சேர்ந்த இன்னொரு தென்னகப் பெண்ணின் அனுபவம் வேறு. குடகில் பிறந்து, சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்ற சி.பி. முத்தம்மா, 1949-ல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். திருமணம் செய்துகொண்டால் பதவி விலகுவேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தே அவர் பணியில் சேர வேண்டியிருந்தது. கடைசிவரை அவர் மணம் செய்துகொள்ளவில்லை. 1970-ல் ஹங்கேரிக்குத் தூதராக அனுப்பப்பட்டார். அதன் பிறகும் உயர் நிலைப் பதவி உயர்வு மறுக்கப்படவே, உச்ச நீதிமன்றத்தை நாடினார்.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே அவருக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டதால், 1979-ல் மனு தள்ளுபடி செய்யப்பட்டது. எனினும், நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் விதிகளைக் கடுமையாகச் சாடினார். குடும்பப் பொறுப்பு பெண் அதிகாரியின் கடமைக்கு இடையூறு என்றால், ஆண் அதிகாரிக்கும் அதே நிலை ஏற்படலாமே என்று அவர் கேட்டார். மணமான பெண்ணின் நியமன உரிமையை மறுத்த விதி 1973-லேயே நீக்கப்பட்டுவிட்டதாகவும், திருமணத்துக்கு முன் அனுமதி பெற வேண்டும் என்ற விதி நீக்கப்பட உள்ளதாகவும் அரசு தெரிவித்தது. அப்போது முத்தம்மாவுக்கு வயது 55. மூன்றே ஆண்டுகளில் ஓய்வுபெற்ற அவர் 2009-ல் மறைந்தார்.

முடிவுக்கு வராத வழக்கு

அத்தீர்ப்புடன் இப்பிரச்னை முடிந்துவிடவில்லை. 1981-ல் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் தொடுத்த வழக்கில், முதல் கருத்தரிப்புடன் வேலையைப் பறிக்கும் விதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால், பணியில் சேர்ந்த முதல் நான்கு ஆண்டுகளுக்குள் மணம் செய்துகொள்ளக் கூடாது என்ற விதி செல்லும் என்று கூறிவிட்டது. ராணுவச் செவிலியர் பணியில், திருமணம் செய்துகொண்டதற்காக 1988-ல் ஓர் அதிகாரி வெளியேற்றப்பட்டார். அன்னா ராஜம் துறைமுகப் பணியில் ஈடுபட்டிருந்த அதே காலகட்டம் அது. அந்த விதி 1995-ல்தான் விலக்கிக்கொள்ளப்பட்டது. பாதிக்கப்பட்டவருக்கு ரூ.60 லட்சம் இழப்பீடு வழங்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 பிப்ரவரியில்.

அன்னா ராஜத்தின் நியமன ஆணைக்கும் இந்தத் தீர்ப்புக்கும் இடையே 73 ஆண்டுகள். விதியின் வாசகத்தைத் தாண்டிச் சாதித்த ஒருவரை நாடு விருது அளித்துப் பாராட்டியது. அதே போன்ற விதிக்குப் பணிந்து, குடும்ப வாழ்வையோ பணியையோ இழந்த பெண்கள் எத்தனை பேர் என்ற கணக்கு எந்த அமைச்சகக் கோப்பிலும் இடம்பெறப் போவதில்லை.