மரக்காணம் சாலையில் இரண்டு கொடிகள்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில் இருக்கிறது பிரம்மதேசம். உப்பு ஏற்றிய லாரிகள் ஓடும் சாலை. இந்த வட்டார ஊர்களில் ஊர்ப் பக்கம் பாமகவின் நீலம், மஞ்சள், சிவப்புக் கொடி. காலனிப் பக்கம் விடுதலைச் சிறுத்தைகளின் நட்சத்திரக் கொடி. இரண்டும் ஒரே மேடையில் பறந்த காலம் ஒன்று இருந்தது. இன்றைய இளைஞர்கள் அதை அறிய வேண்டும்.

1999, 2004 மக்களவைத் தேர்தல்களில் சிதம்பரம் தொகுதியில் இரு கட்சிகளும் நேருக்கு நேர் மோதின. தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. இரண்டு முறையும் சிறுத்தைகளின் தலைவர் திருமாவளவன் தோற்றார், பாமக வென்றது. அந்தக் காயம் ஆறுவதற்குள், 2004-லேயே, தமிழ்ப் பாதுகாப்பு இயக்கத்துக்காக பாமக நிறுவனர் மருத்துவர் ராமதாசும் திருமாவளவனும் கைகோத்தார்கள். சினிமாவுக்குத் தமிழில் பெயர் வைக்கச் சொல்லிப் போராடினார்கள். 'பி.எஃப்' என்று அறிவிக்கப்பட்ட படம் 'அன்பே ஆருயிரே' ஆனது. 2006-ல் தமிழ்ப் பெயர் கொண்ட படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கே கிடைத்தது.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. தஞ்சை மாவட்டம் குடிதாங்கியில் தலித் ஒருவரின் சடலத்தைப் பொதுப்பாதை வழியே கொண்டுபோக எதிர்ப்பு வந்தபோது, ராமதாஸ் தானே தோள் கொடுத்தார். அதை நினைவில் வைத்துத்தான் திருமாவளவன் அவருக்குத் 'தமிழ்க்குடிதாங்கி' என்று பட்டம் சூட்டினார். நேற்று வரை எதிரே நின்றவரை அப்படி அழைக்கப் பெரிய மனசு வேண்டும்.

2011 சட்டமன்றத் தேர்தலில் இருவரும் திமுக கூட்டணியில் சேர்ந்தே நின்றார்கள். ஆனால் அடுத்த ஆண்டு நவம்பரில் தருமபுரி நாயக்கன்கொட்டாய் பகுதியில் தலித் வீடுகள் எரிந்தன. 2013 ஏப்ரல் 25 அன்று மாமல்லபுரத்தில் வன்னியர் சங்கம் நடத்திய சித்திரை விழாவின்போது மரக்காணத்தில் கலவரம். குடிசைகள் எரிந்தன, விழாவுக்குப் புறப்பட்டவர்களில் இருவர் உயிரிழந்தார்கள். எரிந்ததும் ஏழை வீடு, இறந்ததும் ஏழை வீட்டுப் பிள்ளை.

தலைவர்களின் உறவு மேடையோடு நின்றுவிட்டது என்பதே என் கணிப்பு. சினிமாப் பெயருக்காகச் சேர்ந்தவர்கள் சுடுகாட்டுப் பாதைக்காக, கோயில் நுழைவுக்காக, கூலிக்காக ஊர் ஊராகச் சேர்ந்து உட்காரவில்லை. இடஒதுக்கீடு கேட்டு நடந்த 1987 சாலை மறியலில் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர்கொடுத்த வன்னியர் குடும்பங்களுக்கும், ஓட்டுப் போட்டதற்காக அடி வாங்கிய காலனிக்கும் பேசிக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது.

இரு கட்சிகளின் கிளைச் செயலாளர்களே, சென்னையிலிருந்து கூட்டணி முடிவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் ஊர்ச் சுடுகாட்டுப் பாதையைப் பற்றி இந்த வாரமே சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள்.