‘இழந்த ரொட்டி’: பிரெஞ்சு தேசத்துச் சிக்கனப் பக்குவம்

களத்தில் சிந்திய தானியத்தைக் கூட்டி அள்ளாத குடியானவர் இல்லை. ஆயினும் அத்தானியம் வீட்டினுள் சென்று ஆகாரமான பின்னர் வீணாவதை அநேகர் நஷ்டமாகக் கணக்கிடுவதில்லை. இவ்விஷயத்தில் பிரெஞ்சு தேசத்துக் குடும்பங்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் முறையொன்று கவனிக்கத்தக்கது. முதல் நாள் வாங்கிய கோதுமை ரொட்டி மறுநாள் கட்டைபோல் இறுகிவிட்டால், அதனைப் பாலிலும் முட்டையிலும் ஊறவைத்து, வெண்ணெயில் வாட்டி உண்பர். அதற்கு அவர்கள் இட்ட பெயருக்கு ‘இழந்த ரொட்டி’ என்பது பொருள். ஆங்கிலம் பேசுவோர் இதனைப் பிரெஞ்சு டோஸ்ட் என்பர். நம் நாட்டுச் சிற்றுண்டிச் சாலைகளில் பாம்பே டோஸ்ட் என வழங்குவதும் இதன் இனமே.

இப்பக்குவம் மிகவும் புராதனமானது. அபிசியஸ் என்பவர் பெயரால் வழங்கும் ரோமானியச் சமையல் நூலிலேயே, ரொட்டியைப் பாலில் தோய்த்துப் பொரித்துத் தேன் வார்க்கும் முறை காணப்படுகிறது. ஜெர்மானியர் இதன் இனத்தைச் சேர்ந்த பண்டத்தை ‘ஏழை வீரர்’ என்கின்றனர். ஸ்பெயின் தேசத்தார் ஈஸ்டர் பண்டிகைக்கு முந்திய தவக்காலத்தில் இதனை விசேஷமாகச் செய்கின்றனர்.

ரொட்டி இறுகும் காரணம்

ரொட்டி காய்ந்துபோவதனால்தான் இறுகுகிறது என்று எண்ணுவது இயல்பு. அது முழு உண்மையன்று. அல்சேஸ் பிராந்தியத்தில் தமது சொந்தப் பண்ணையிலே பயிர்ச் சுழற்சியையும் உரத்தையும் பற்றி ஆராய்ந்து புகழ்பெற்ற விவசாய ரசாயன நிபுணர் பூசெங்கோ, ஈரம் வெளியேறாதபடி அடைத்து வைத்த ரொட்டியும் இறுகுகிறது என்று 1852ஆம் ஆண்டில் காட்டினார். சூட்டில் இளகிய மாவுச்சத்து, ஆறியபின் மீண்டும் நெருங்கி உறைவதே இதற்கு முக்கிய காரணம். குளிர்பதனப் பெட்டியில் வைத்த ரொட்டி வெளியில் வைத்ததைவிட விரைவில் இறுகுவதும் இதனாலேயே. பிரெஞ்சுக்காரரின் நீண்ட ரொட்டியில் மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் ஆகியவையே முக்கியமாகச் சேர்வதாலும், கொழுப்புச் சேராததாலும், அது ஒரே நாளில் விறைத்துவிடுகிறது.

உண்பதற்குக் குறையெனத் தோன்றும் இவ்விறுக்கமே இப்பக்குவத்திற்கு வேண்டிய குணமாகும். புது ரொட்டியைப் பாலில் இட்டால் குழைந்து உடையும். இறுகிய ரொட்டியோ, பாலை உட்கொண்டும் தன் உருவம் கலையாது நிற்கும்.

விலக்க வேண்டியது

இறுகிய ரொட்டி வேறு, கெட்ட ரொட்டி வேறு. பூஞ்சை ஒரு புள்ளியளவு தோன்றினும் அந்த ரொட்டியை உண்ணலாகாது. மேலே தெரியும் பகுதியைச் சுரண்டி எறிவதாற் பயனில்லை. பூஞ்சையின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும். பூஞ்சை பிடித்த நிலக்கடலையின் நச்சு வறுத்தாலும் முற்றும் நீங்குவதில்லை என்பதைக் குடியானவர்கள் அறிவர். ரொட்டிக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும்.

முட்டை ஓடு விரியாததாயும் சுத்தமாயும் இருத்தல் வேண்டும். முட்டை நாட்பட்டதா என்பதை நீரில் இட்டு அறியலாம். புது முட்டை அடியிற் படுத்திருக்கும். நாட்பட நாட்பட அதனுள் காற்றறை பெருகுவதால் நிமிர்ந்து நிற்கும், பின்னர் மிதக்கும். மிதப்பதை விலக்குவது நலம்.

செய்முறை

ரொட்டியை 2 சென்டிமீட்டர் கனமுள்ள துண்டுகளாக அரிந்துகொள்ள வேண்டும். ஆறு துண்டுகளுக்கு 3 முட்டை, 250 மில்லி லிட்டர் காய்ச்சி ஆறிய பால், 2 மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு போதுமானவை. வாசனைக்கு ஏலக்காய் அல்லது இலவங்கப்பட்டைத் தூள் சிறிது சேர்க்கலாம். பால் சூடாக இருப்பின் முட்டை திரிந்துவிடும். முதலில் முட்டையை வெண்கரு இழையாதபடி நன்றாக அடித்து, பிறகு மற்றவற்றைச் சேர்த்துக் கலக்க வேண்டும்.

இக்கலவையை அகன்ற தட்டில் ஊற்றி, துண்டுகளை இட்டு, பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிஷம் ஊறவிட வேண்டும். மிக இறுகியதாயின் இன்னும் சிறிது நேரம் செல்லும். நடுவில் ஓர் ஈர்க்கைக் குத்தினால் தடையின்றி இறங்குவதே பதம்.

தோசைக்கல்லில் வெண்ணெயுடன் சிறிது எண்ணெயும் விட்டு, மிதமான தீயில் பக்கத்துக்கு மூன்று அல்லது நான்கு நிமிஷம் வாட்ட வேண்டும். இங்கேதான் அநேகர் தவறுகின்றனர். தீ கடுமையாயிருந்தால் சர்க்கரையும் வெண்ணெயும் கருகி, மேற்புறம் சிவந்துவிடும். உள்ளேயுள்ள முட்டையோ பச்சையாகவே நிற்கும். முட்டையிலிருக்கக்கூடிய நோய்க்கிருமிகள் அழிவதற்கு உட்புறமும் 70 பாகை செல்சியசுக்குக் குறையாத சூடு பெறல் வேண்டும். நடுவில் அழுத்தினால் ஈரக்கலவை கசியாமல் மெத்தென்று எழும்புவது வெந்ததற்கு அடையாளம். இறக்கியவுடன் தேனோ, வாழைப்பழமோ சேர்த்து உண்ணலாம். பிள்ளைகளுக்கும் இது புஷ்டியான ஆகாரம்.

பிரான்சில் 2016ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட உணவுக் கடைகள் விற்காத, உண்ணத்தக்க பொருள்களை அழிக்காமல் தர்ம ஸ்தாபனங்களுக்கு அளிக்க வழிசெய்தது. கடைகளுக்குச் சட்டம் வேண்டியிருந்தது. வீடுகளில் இல்லத்தரசிகளின் சிக்கனமே அக்காரியத்தை முன்பே செய்துவந்தது. ஆயினும் இப்பக்குவத்திற்கென்றே புது ரொட்டி வாங்குவது சிக்கனமாகாது. வீட்டில் ரொட்டி மிஞ்சிய நாளில், பண்ணையிற் கிடைக்கும் பாலும் முட்டையும் கொண்டு அதனைக் காப்பாற்றுவதே இதன் பயன்.