நீதிபதிகளின் ஓய்வூதியம்: செலவு எவ்வளவு, பயன் யாருக்கு?

கோவில்பட்டி வட்டாரத்தில் கரிசல் நிலத்தை நம்பியிருக்கும் விவசாயிக்கும் தீப்பெட்டி ஆலைக்குப் போகும் பெண்ணுக்கும் 'பென்ஷன்' என்றால் அரசின் முதியோர் உதவித்தொகைதான். 2023-ல்தான் அது 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயானது. அதே அரசுக் கஜானாவிலிருந்து ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவருக்கு மாதம் ஒரு லட்சத்துக்கும் மேல் போகிறது என்று கேள்விப்பட்டால், "இது என்ன நியாயம்?" என்று நம்மில் பலர் கேட்போம். கேட்க வேண்டிய கேள்விதான். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

எவ்வளவு உயர்ந்தது?

கீழமை நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் ஆராய, உச்சநீதிமன்ற உத்தரவின்படி 2017-ல் நீதிபதி பி. வெங்கடராம ரெட்டி தலைமையில் இரண்டாவது தேசிய நீதித்துறை ஊதியக் குழு அமைந்தது. அதன் பரிந்துரைகளில் சம்பள உயர்வை 2022-லும், ஓய்வூதிய உயர்வை 2023 மே மாதத்திலும், படிகளை 2024 ஜனவரி 4 அன்றும் உச்சநீதிமன்றம் ஏற்றது. சம்பளமும் ஓய்வூதியமும் 1.1.2016 முதல் கணக்கிடப்படுகின்றன.

புதிதாகப் பணியில் சேரும் உரிமையியல் நீதிபதியின் அடிப்படைச் சம்பளம் 27,700 ரூபாயிலிருந்து 77,840 ரூபாயானது. மாவட்ட நீதிபதிகளின் உச்ச நிலைச் சம்பளம் 2,24,100 ரூபாய். கடைசியாகப் பெற்ற சம்பளத்தில் பாதி ஓய்வூதியம் என்பதால், அந்த நிலையில் ஓய்வு பெறுபவருக்கு 1,12,050 ரூபாய் கிடைக்கும், அகவிலைப்படி தனி. அவர் இறந்தால் குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதம்.

உயர்நீதிமன்ற நீதிபதிகளுக்கு 2025 மே 19 அன்று வேறொரு தீர்ப்பு வந்தது. வழக்கறிஞராக இருந்து வந்தவர், மாவட்ட நீதிபதியாக இருந்து உயர்ந்தவர், கூடுதல் நீதிபதியாகவே ஓய்வு பெற்றவர் என்ற பாகுபாடு இல்லாமல், ஆண்டுக்கு 13.5 லட்சம் ரூபாய் முழு ஓய்வூதியம் தர வேண்டும் என்றது உச்சநீதிமன்றம். ஓய்வுபெற்ற தலைமை நீதிபதிகளுக்கு 15 லட்சம். அதற்கு முந்தைய விசாரணைகளில், ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதிகள் சிலர் மாதம் 15,000 ரூபாய் அளவிலேயே வாங்கிவந்த செய்தி வெளியானது.

பணம் யார் தருவது?

உயர்நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம் மாநில நிதியிலிருந்தும் ஓய்வூதியம் மத்திய அரசின் நிதியிலிருந்தும் வர வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டம். மாவட்ட அளவிலான நீதிபதிகளுக்கோ இரண்டுமே மாநில அரசின் பொறுப்பு. அதனால்தான் "எங்களிடம் நிதி இல்லை" என்று மாநிலங்கள் வாதாடின. நிதிச் சுமை ஒரு காரணமாகாது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. இழுத்தடித்ததற்காக 2024 ஆகஸ்டில் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களின் தலைமைச் செயலாளர்கள் நேரில் வரும்படி அழைக்கப்பட்டார்கள்.

தமிழ்நாட்டில் மாவட்ட அளவில் நீதிபதிப் பணியிடங்கள் ஏறக்குறைய 1,300. லட்சக்கணக்கான அரசு ஊழியர்களுக்கு நடுவே இது சிறு எண்ணிக்கை. பெரிய செலவு வேறிடத்தில் இருக்கிறது.

2003 ஏப்ரல் 1-க்குப் பின் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் நிறுத்தப்பட்டு, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. அதில் ஊழியர் 10 சதவீதம் செலுத்தினார், அரசு அதே அளவு செலுத்தியது. மாதாமாதம் இவ்வளவு என்ற உறுதி அந்தத் திட்டத்தில் இருக்கவில்லை. இத்தகைய திட்டம் நீதிபதிகளுக்குப் பொருந்தாது என்றது ஊதியக் குழு. அவர்களைப் பழைய முறைக்கு மாற்றினால், அரசு இன்று தன் பங்கைக் கட்ட வேண்டியதில்லை. செலவு குறைந்ததுபோல் தெரியும். இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து அவர்கள் ஓய்வு பெறும்போதுதான் முழுச் சுமையும் நம் பிள்ளைகள் கட்டும் வரியில் விழும். "நீதிபதிகளுக்கு உண்டென்றால் எங்களுக்கு ஏன் இல்லை?" என்று ஆசிரியர்களும் ஊழியர்களும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் கஜானாவுக்குப் பெரிய சோதனை.

நீதிபதிக்கு மட்டும் ஏன்?

இதற்குப் பதில் கோவில்பட்டியிலேயே இருக்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட வியாபாரி ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டு, அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். விசாரிக்கப் போனவர் கோவில்பட்டி நீதித்துறை நடுவர் எம்.எஸ். பாரதிதாசன். காவல் நிலையத்திலேயே அவரை மிரட்டும் விதத்தில் நடந்துகொண்டார்கள்; தரக்குறைவாகப் பேசினார்கள். அவர் பின்வாங்கவில்லை. பெண் தலைமைக் காவலர் ரேவதியின் சாட்சியத்தைப் பதிவு செய்தார். நடந்ததை உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அறிக்கையாக அனுப்பினார். அந்த அறிக்கைக்குப் பிறகே காவல் நிலையம் வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டுக்குப் போனது.

அரசின் ஒரு கையை எதிர்த்து எழுதும் ஒருவர், தன் முதுமைக்கு அரசின் தயவை எதிர்பார்க்கும் நிலையில் இருந்தால் என்ன ஆகும்? பணியில் இருக்கும்போது அவர் வேறு தொழில் செய்ய முடியாது. ஓய்வுக்குப் பின் வருமானம் நிச்சயமில்லை என்றால், ஆட்சியாளர்கள் தரக்கூடிய பதவிகளின் மீது கண் போகும். அந்தப் பார்வை தீர்ப்பிலும் தெரிந்துவிடலாம். அப்போது இழப்பு பலமில்லாதவர்களுக்குத்தான். நம் சமுதாயத்தின் வக்ஃபு வழக்குகளும் குடும்ப வழக்குகளும் போவது இதே நீதிமன்றங்களுக்குத்தான்.

இந்த எண்ணம் நமக்குப் புதிதல்ல. கூஃபா நகரில் காஜியாக இருந்த ஷுரைஹ் அவர்களுக்கு உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் பைத்துல்மாலிலிருந்து ஊதியம் வழங்கப்பட்டது. வழக்கோடு வருபவரிடம் காஜி கையேந்தும் நிலை வரக்கூடாது என்பதே அதன் கருத்து.

நாம் கேட்க வேண்டியது

ஆகவே நீதிபதிகளின் ஓய்வூதியத்தை நாம் வீண் செலவு என்று தள்ள முடியாது. ஆனால் செலவு செய்பவர்கள் மக்கள் என்பதால் கணக்குக் கேட்கும் உரிமையும் மக்களுக்கு உண்டு. இந்தியாவில் பத்து லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987-லேயே சொன்னது. இன்றும் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. காலியிடங்களை நிரப்பாமல் ஓய்வூதியத்தை மட்டும் உயர்த்தினால், கரிசல்காட்டு விவசாயியின் பாகப்பிரிவினை வழக்கு வாய்தாவிலேயே கிடக்கும்.

இன்னொன்றும் கேட்போம். முதுமையில் மானத்தோடு வாழ ஒரு நிச்சய வருமானம் வேண்டும் என்பது நீதிபதிக்குச் சரி என்றால், தீப்பெட்டிக் குச்சி அடுக்கியே விரல் தேய்ந்த மூதாட்டிக்கும் அது சரிதான். நிதிச் சுமை என்ற காரணம் அங்கே செல்லாதென்றால், 1,200 ரூபாய் விஷயத்தில் மட்டும் எப்படிச் செல்லும்?